கூட்டு வழக்கு சமரசக் கடிதம் வந்தால்: படிவம் போடுவதா, விலகுவதா, விட்டுவிடுவதா?

"நீங்கள் வாங்கிய பொருள் தொடர்பான கூட்டு வழக்கில் சமரசம் ஏற்பட்டிருக்கிறது. உங்களுக்குப் பணம் கிடைக்கலாம்." ஒரே விதத்தில் பாதிக்கப்பட்ட பலருக்காகச் சேர்த்து ஒரே வழக்காக நடத்துவதுதான் கூட்டு வழக்கு. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு மின்னஞ்சலோ தபால் அட்டையோ என்றைக்காவது வந்தே தீரும். வந்ததும் குழப்பமும் வரும். பத்து டாலருக்காக இவ்வளவு நீளப் படிவமா என்று சிலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். வக்கீல்கள் லட்சக்கணக்கில் அள்ளிக்கொள்ள நமக்கு ஒரு கூப்பனா என்று சிலருக்குக் கோபம். நானே தனியாக வழக்குப் போட்டால் அதிகம் கிடைக்காதா என்றும் கேட்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சமரசங்களால் சாதாரண வாடிக்கையாளருக்கு நன்மை உண்டா என்ற கேள்விக்கு, பணம் எந்த வழியாகக் கைக்கு வருகிறது என்பதைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். தானாக வீடு தேடி வரும் பணம் எல்லோரையும் சேர்கிறது. படிவம் கேட்கும் சமரசத்தில் பெரும்பாலானவர்கள் வெளியே நின்றுவிடுகிறார்கள். நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க அரசின் மத்திய வர்த்தக ஆணையம் 149 கூட்டு வழக்குகளின் விவரங்களை ஆராய்ந்து 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. படிவம் போட வேண்டிய வழக்குகளில், அப்படிப் போட்டவர்களின் இடைநிலை விகிதம் 9 சதவீதம். அறிவிப்பு பெற்றவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப எடையிட்டுப் பார்த்தால் வெறும் 4 சதவீதம். அதாவது வழக்கு பெரிதாகப் பெரிதாக, கைநீட்டி வாங்குபவர்கள் குறைகிறார்கள்.

ஆனால் கூட்டு வழக்கே இல்லையென்றால்? முப்பது டாலருக்காக யாரும் தனியாக நீதிமன்றம் ஏற மாட்டார்கள். நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் 2004இல் ஒரு தீர்ப்பில் இதைத்தான் சொன்னார்: கூட்டு வழக்கைத் தடுத்தால் அதற்குப் பதிலாக லட்சக்கணக்கான தனி வழக்குகள் வரப்போவதில்லை, ஒரு வழக்கும் வராது. நிறுவனத்துக்கு அதைவிட வசதி வேறென்ன?

## எதையெல்லாம் வைத்து முடிவெடுப்பது

கடிதம் கையில் இருக்கும்போது இவற்றைப் பாருங்கள்.

உங்கள் சொந்த இழப்பு எவ்வளவு. சராசரி வாடிக்கையாளருடையது அல்ல, உங்களுடையது. ஒரு ஷாம்பூ பாட்டிலுக்குக் கூடுதலாகக் கொடுத்த இரண்டு டாலரும், பழுதான காருக்குச் செலவழித்த ஆறாயிரமும் ஒன்றல்ல.

கையில் ஆதாரம் இருக்கிறதா. ரசீது, வங்கிக் கணக்கு விவரம், பழுதுபார்த்த பில், நிறுவனத்துக்கு எழுதிய மின்னஞ்சல்.

பணம் எப்படிப் பிரிகிறது. ஆளுக்கு நிலையான தொகையா, மொத்த நிதியைப் படிவம் போட்டவர்கள் பங்கிட்டுக்கொள்வதா, மிச்சம் நிறுவனத்துக்கே திரும்புகிறதா? கடிதத்தில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

எதை விட்டுக்கொடுக்கிறீர்கள். கோரிக்கைகளைக் கைவிடுவது பற்றிய பத்தி எங்கோ நடுவில், சின்ன எழுத்தில் இருக்கும். படியுங்கள். அந்தப் பொருள் தொடர்பாக இனி நீங்கள் எந்தெந்த வழக்குகளைப் போட முடியாது என்பது அங்கேதான் இருக்கிறது.

கெடு தேதிகள். படிவத்துக்கு ஒன்று, விலக ஒன்று, ஆட்சேபிக்க ஒன்று. பெரும்பாலும் விலகுவதற்கான கெடு முன்னதாகவே முடிந்துவிடும்.

| | பணம் | உழைப்பு | வழக்கு உரிமை | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| சும்மா இருப்பது | தானாக வரும் சமரசமென்றால் உண்டு, இல்லையேல் பூஜ்ஜியம் | இல்லை | போய்விடும் | தானாகப் பணம் வரும் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு |
| படிவம் போடுவது | சில டாலரிலிருந்து சில நூறு வரை, அரிதாக ஆயிரங்கள் | சில நிமிடங்கள். ஆதாரம் தேடினால் ஒரு மாலை | போய்விடும் | இழப்பு சிறியதாக இருக்கும் எல்லோருக்கும் |
| விலகித் தனியே போவது | முழு இழப்பும் கிடைக்கலாம், ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம் | அதிகம் | உங்களிடமே இருக்கும் | பெரிய இழப்பும் நல்ல ஆதாரமும் உள்ளவர்களுக்கு |
| ஆட்சேபிப்பது | நேரடியாக இல்லை. படிவம் போட்டால் அதன் பங்கு உண்டு | நடுத்தரம் | சமரசம் உறுதியானால் போய்விடும் | சமரசமே அநியாயமானது என்று நினைப்பவர்களுக்கு |

## சும்மா இருப்பது

விட்டுவிட்டால் நமக்கு நஷ்டமில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது சரியல்ல. நஷ்டஈடு கேட்கும் கூட்டு வழக்குகளில், விலகுகிறேன் என்று எழுதிக் கொடுக்காதவர்கள் அனைவரும் உள்ளே இருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. 1966இல் மத்திய நீதிமன்ற விதி 23 திருத்தப்பட்டதிலிருந்து இதுதான் நடைமுறை. சும்மா இருந்தால் பணமும் வராது, வழக்குப் போடும் உரிமையும் போய்விடும்.

பணம் தானாக வரும் சமரசங்கள் மட்டும் விதிவிலக்கு. வங்கிக் கட்டணம், தொலைபேசிக் கட்டணம் போன்றவற்றில் யாரிடம் எவ்வளவு கூடுதலாக வாங்கினார்கள் என்பது நிறுவனத்தின் ஏட்டிலேயே இருக்கும். அங்கே படிவம் கேட்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. கடிதத்தில் "நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை" என்று தெளிவாக எழுதியிருந்தால் உங்கள் முகவரி சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு உட்காரலாம்.

தானாக வருவதெல்லாம் பணமாகவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. 2016இல் டிக்கெட்மாஸ்டர் வழக்கில் கோடிக்கணக்கான கணக்குகளில் 2.25 டாலர் தள்ளுபடிக் குறியீடுகள் தானாக விழுந்தன. பயன்படுத்த வேண்டுமென்றால் அதே நிறுவனத்திடம் மறுபடி டிக்கெட் வாங்க வேண்டும். 2005இல் வந்த கூட்டு வழக்கு நியாயச் சட்டம், கூப்பன் சமரசங்களில் அந்தக் கூப்பன்களுக்காக வக்கீல் வாங்கும் பங்கை, அச்சடித்த கூப்பன்களின் மதிப்பை வைத்து அல்ல, உண்மையில் பயன்படுத்தப்பட்டவற்றின் மதிப்பை வைத்தே கணக்கிட வேண்டும் என்கிறது. அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டதே நிலைமையைச் சொல்லிவிடுகிறது.

## படிவம் போடுவது

பெரும்பாலானவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஆனால் தலைப்புச் செய்தியில் வரும் தொகையை நம்பி உட்காராதீர்கள். இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் புரியும்.

2017இல் மக்களின் கடன் வரலாற்றைத் திரட்டி வைக்கும் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து சுமார் 14.7 கோடி பேரின் தகவல்கள் கசிந்தன. 2019 சமரசத்தில், கடன் கண்காணிப்புச் சேவை வேண்டாம் என்பவர்களுக்கு 125 டாலர் என்று செய்தி பரவியது. அந்தப் பிரிவுக்கு ஒதுக்கியிருந்ததோ 3.1 கோடி டாலர்தான். வகுத்துப் பாருங்கள்: ஆளுக்கு 125 என்றால் 2,48,000 பேருக்கு மேல் தாங்காது. மனுக்கள் வெள்ளமாக வந்தன. பணத்துக்குப் பதிலாக இலவசக் கண்காணிப்புச் சேவையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மத்திய வர்த்தக ஆணையமே சில நாட்களில் அறிவுரை சொல்ல வேண்டியதாயிற்று. கடைசியில் வந்தது பலருக்கும் சில டாலர்கள்.

பழைய ஐஃபோன்களை ஆப்பிள் மெதுவாக்கியதாகத் தொடுத்த வழக்கில் இது தலைகீழ். ஒரு ஃபோனுக்குச் சுமார் 25 டாலர் என்று அறிவித்தார்கள். குறைந்தபட்சம் 31 கோடி டாலர் கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையும் சமரசத்தில் இருந்தது. படிவம் போட்டவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு, ஆகவே 2024 ஜனவரியில் ஒரு கோரிக்கைக்கு 92 டாலர் வந்தது. அந்தக் குறைந்தபட்சத் தொகை இல்லாமல் ஆளுக்கு 25 என்று மட்டும் இருந்திருந்தால், மிச்சம் முழுவதும் நிறுவனத்திடமே தங்கியிருக்கும்.

எனவே கடிதத்தில் "அதிகபட்சம் இவ்வளவு" என்பதைவிட, "நிதி மொத்தமும் பகிர்ந்தளிக்கப்படும்" என்றோ, "மீதி பிரதிவாதிக்குத் திரும்பும்" என்றோ வரும் வரிதான் முக்கியம். மீதி திரும்பும் சமரசத்தில், நீங்கள் படிவம் போடாமல் விடும் ஒவ்வொரு டாலரும் உங்களை ஏமாற்றியதாகச் சொல்லப்படும் அதே நிறுவனத்தின் பையில்தான் இருக்கும். எனக்கு இந்த வகைச் சமரசங்கள் மீது தீராத கோபம் உண்டு.

அதற்குக் காரணம் குளுக்கோசமைன் மாத்திரை வழக்கு. மூட்டு வலி மாத்திரையின் பலன்களை மிகைப்படுத்தி விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. ரசீது இல்லாதவர்களுக்குப் பாட்டிலுக்கு 3 டாலர், நான்கு பாட்டில் வரை. ஆக, 12 டாலர். தபால் அட்டை வந்தவர் அதிலிருந்து இணையதளத்துக்குப் போக வேண்டும், படிவத்தைத் தேடி நிரப்ப வேண்டும், பொய் சொன்னால் சத்தியப் பிரமாணக் குற்றம் என்ற எச்சரிக்கையின் கீழ் கையெழுத்திட வேண்டும். மூட்டு வலியோடு இருக்கும் ஒரு வயதானவர் 12 டாலருக்காக இதையெல்லாம் செய்வாரா? சுமார் 47 லட்சம் பேருக்கு அட்டை போனது. கோரிக்கை அனுப்பியவர்கள் 30,245 பேர். அவர்களுக்குக் கிடைக்க இருந்தது மொத்தம் 8,65,284 டாலர். கீழ் நீதிமன்றம் வக்கீல்களுக்கு ஒதுக்கிய கட்டணம் அதைப் போல் இரு மடங்குக்கும் மேல், 19.3 லட்சம் டாலர். 2014இல் ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் போஸ்னர் இந்தச் சமரசத்தை ரத்து செய்தார். ஆட்களைக் களைத்து விரட்டுவதற்காகவே படிவம் இப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்ற சந்தேகத்தை அவர் மறைக்கவில்லை.

அப்புறம் ஆதாரம். ரசீது உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் தனித்தனி அளவு வைப்பது வழக்கம். ஈக்விஃபாக்ஸ் விஷயத்திலேயே, தகவல் கசிந்ததால் கைப்பணம் செலவானதை ஆவணத்தோடு காட்டியவர்கள் 20,000 டாலர் வரை கேட்க வழி இருந்தது. செய்தி முழுக்க 125 டாலரைப் பற்றியே இருந்ததால் பலர் அந்தப் பிரிவைக் கவனிக்கவே இல்லை. மின்னஞ்சலில் பொருளின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்; பழைய ஆர்டர் உறுதிப்படுத்தல் ஒன்று கிடைத்தால்கூட தொகை மாறலாம்.

ரசீது வேண்டாம் என்றதும் வாங்காத பொருளுக்கும் படிவம் போடும் பழக்கம் பரவியிருக்கிறது. நிதியைப் பங்கிடும் சமரசத்தில் அந்தப் பொய்க் கோரிக்கை ஒவ்வொன்றும் உண்மையில் வாங்கியவரின் பங்கிலிருந்துதான் போகிறது. செய்யாதீர்கள்.

## விலகித் தனியே போவது

விலகுவது என்றால் கெடுவுக்குள் கையெழுத்திட்ட கடிதம் அனுப்பி, இந்தச் சமரசத்தில் நான் இல்லை என்று சொல்வது. பணம் வேண்டாம், உரிமை மட்டும் வேண்டும் என்கிறீர்கள். அந்த உரிமையை வைத்து எதுவும் செய்யப்போவதில்லை என்றால் விலகுவதில் அர்த்தமே இல்லை.

சில நூறு டாலருக்குள் இழப்பு என்றால் விலக வேண்டாம். சில ஆயிரம் என்றால் யோசிக்கலாம், முக்கியமாகக் கார் விஷயத்தில். 1975ஆம் ஆண்டின் மக்னூசன்-மாஸ் உத்தரவாதச் சட்டத்தின்படி நீங்கள் ஜெயித்தால் உங்கள் வக்கீல் செலவை நிறுவனமே தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். கலிஃபோர்னியாவின் உத்தரவாதச் சட்டம், நிறுவனம் வேண்டுமென்றே கடமை தவறியது நிரூபணமானால் சேதத்தைப் போல் இரு மடங்கு வரை அபராதமும் சேர்க்க இடம் தருகிறது. இப்படிப்பட்ட சட்டம் உங்கள் பக்கம் இருந்தால் கையிலிருந்து காசு போடாமலே நல்ல வக்கீல் கிடைப்பார். முதலில் வக்கீலைப் பார்த்துப் பேசுங்கள், பிறகு விலகல் கடிதத்தை அனுப்புங்கள். வரிசையை மாற்றிச் செய்தால், வழக்கை எடுக்க ஆளில்லாமல் இரண்டும் கெட்டான் நிலையில் நிற்க வேண்டிவரும்.

வக்கீல் வேண்டாம் என்றால் சிறு கோரிக்கை நீதிமன்றம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் தனிநபர் 12,500 டாலர் வரை கேட்கலாம், மனுக் கட்டணம் தொகையைப் பொறுத்து 30 முதல் 75 டாலர். அங்கே நிறுவனமும் வக்கீலைக் கூட்டி வர முடியாது. டெக்சஸில் 20,000 டாலர் வரை போகலாம். ஒரு நாள் விடுப்பு, அடுக்கி வைத்த ஆவணங்கள், நிதானமாகப் பேசும் திறன் ஆகியவை போதும். ஆனால் விளம்பரம் ஏமாற்றுவதாக நிரூபிப்பதற்கு நிபுணர் சாட்சி வேண்டும் என்கிற மாதிரி வழக்கென்றால் இந்த வழி சரிப்படாது.

மறைந்திருக்கும் தடை நடுவர் தீர்ப்பு ஷரத்து. தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் பதிலாகத் தனியார் நடுவரிடம்தான் போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சொல்லும் விதி அது. ஃபோன் வாங்கும்போதும் செயலி இறக்கும்போதும் "சம்மதிக்கிறேன்" என்று அழுத்தியதில் அது ஒளிந்திருக்கும். 2011இல் ஏடி அண்ட் டி மொபிலிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம், கூட்டு வழக்கைத் தடுக்கும் இத்தகைய ஷரத்துகள் செல்லும் என்றது. இலவசம் என்று விளம்பரம் செய்த ஃபோனுக்கு வாங்கிய 30.22 டாலர் விற்பனை வரியில் தொடங்கிய வழக்கு அது. விலகிய பிறகு நீதிமன்றம் போகலாம் என்று நினைத்தவர் நடுவர் முன் போய் நிற்க நேரலாம். பல ஷரத்துகள் சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்கு மட்டும் விலக்கு தருகின்றன, படித்துப் பாருங்கள்.

இன்னொன்று, காலக்கெடு. வழக்குத் தொடுக்கும் கால வரம்பு, கூட்டு வழக்கு நடக்கும்போது உங்களுக்குப் பொதுவாக நின்றிருக்கும். விலகியதும் மறுபடி ஓடத் தொடங்கும்.

சமரசமே போதுமானதாக இருந்தால் விலகுவது புத்திசாலித்தனம் அல்ல. புகைச் சோதனையில் ஏமாற்றிய கார்கள் தொடர்பான 2016 ஃபோக்ஸ்வாகன் டீசல் சமரசத்தில் சுமார் 4.75 லட்சம் இரண்டு லிட்டர் கார்கள் அடங்கின. காரைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், அதற்கு மேல் பெரும்பாலானவர்களுக்கு 5,100 முதல் 10,000 டாலர் வரை நஷ்டஈடு கொடுத்தார்கள். வக்கீல் கட்டணம் இதில் கைவைக்காமல் தனியாக வந்தது. கூட்டு வழக்கால் வாங்குபவருக்கு ஒரு பயனும் இல்லை என்பவர்களிடம் நான் காட்டுவது இந்த வழக்கைத்தான்.

## உள்ளே இருந்து ஆட்சேபிப்பது

பலருக்குத் தெரியாத வழி இது. சமரசம் நியாயமானது, ஏற்கத்தக்கது, போதுமானது என்று நீதிபதி ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன் உறுப்பினர் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதலாம். வக்கீல் தேவையில்லை, இரண்டு பக்கக் கடிதம் போதும். படிவமும் போடலாம், ஆட்சேபமும் எழுதலாம். விலகிவிட்டால் மட்டும் ஆட்சேபிக்க முடியாது.

அந்த நிலையில் நீதிபதி இருபக்க வக்கீல்களையும் பார்க்கிறார். இருவருமே சமரசம் நல்லது என்கிறார்கள். அதில் என்ன குறை என்று சொல்ல அறையில் யாருமே இல்லை. சப்வே "ஒரு அடி நீள" சாண்ட்விச் வழக்கில் இப்படித்தான் நடந்தது. ரொட்டி சில சமயம் ஓர் அங்குலம் குறைந்ததாக வழக்கு. மாவின் எடை மாறவில்லை, ஆகவே உணவின் அளவு குறையவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. சமரசத்தில் வாடிக்கையாளர்களுக்குக் காசு இல்லை, நிறுவனம் அளவை இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்ளும் என்ற வாக்குறுதி மட்டும். வக்கீல்களுக்கு 5 லட்சம் டாலருக்கு மேல். டெட் ஃபிராங்க் என்ற வழக்கறிஞர் உறுப்பினர் என்ற முறையில் ஆட்சேபித்தார். 2017இல் ஏழாவது வட்ட நீதிமன்றம் இந்தச் சமரசம் அறவே பயனற்றது என்று சொல்லித் தள்ளுபடி செய்தது.

நீதிபதி தானே விழித்துக்கொள்வதும் உண்டு. முகம், கைரேகை போன்ற உடல் அடையாளத் தகவல்களைக் காக்கும் இல்லினாய்ஸ் மாநிலச் சட்டத்தின் கீழ் ஃபேஸ்புக் மீது நடந்த வழக்கில் முதலில் பேசியது 55 கோடி டாலர். சட்டத்திலோ ஒரு மீறலுக்குக் குறைந்தது 1,000 டாலர் என்று எழுதியிருக்கிறது. நீதிபதி ஜேம்ஸ் டொனாட்டோ இது ஏன் போதும் என்று கேள்வி எழுப்ப, தொகை 65 கோடியானது. சுமார் 16 லட்சம் பேர் படிவம் போட்டார்கள், 2022இல் ஆளுக்கு 397 டாலர் காசோலை வந்தது.

ஆட்சேபத்துக்கும் கெட்ட பக்கம் உண்டு. மேலே சொன்ன அதே மாத்திரை வழக்கில், இரண்டாவது சமரசம் வந்த பிறகு மூன்று பேர் ஆட்சேபித்து மேல்முறையீடு செய்தார்கள், பிறகு தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு வாபஸ் பெற்றார்கள். மொத்தம் 1,30,000 டாலர். 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பித் தர வைத்தது. 2018 முதல் இப்படிப்பட்ட தனிப்பணத்துக்கு நீதிபதியின் அனுமதி கட்டாயம்.

ஆட்சேபம் எழுதினால் குறிப்பாக எழுதுங்கள்: மீதிப் பணம் நிறுவனத்துக்குத் திரும்புவது, வக்கீல் கட்டணம் வாடிக்கையாளருக்கு உண்மையில் போய்ச் சேரும் தொகையைத் தாண்டுவது, விலாசம் கையில் இருந்தும் படிவம் கேட்பது. மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாவது வட்டத்தில் நிதியின் 25 சதவீதம் வக்கீல் கட்டணத்துக்கு அடிப்படை அளவாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதைவிட மிகவும் கூடினால் ஏன் என்று கேட்கலாம். "எனக்குப் பிடிக்கவில்லை" என்று மட்டும் எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

## படிவம் போட்ட பிறகு

உண்மையான சமரசத்தில் பணம் பெறுவதற்கு யாரும் உங்களிடம் கட்டணம் கேட்க மாட்டார்கள். கேட்டால் அது மோசடி. சந்தேகம் இருந்தால் மின்னஞ்சலில் உள்ள இணைப்பை அழுத்தாமல், வழக்கு எண்ணை எடுத்து நீதிமன்றப் பதிவில் தேடுங்கள்.

மேல்முறையீடு வந்தால் காத்திருப்பு நீளும். பயனர்களின் தகவல்கள் அனுமதியின்றிக் கைமாறிய கேம்பிரிட்ஜ் அனலிடிகா விவகாரத்தில் ஃபேஸ்புக்கின் 72.5 கோடி டாலர் சமரசத்துக்கு 2023 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது, பணம் கைக்கு வரத் தொடங்கியது 2025இல். இடையில் வீடு மாறினாலோ மின்னஞ்சல் மாறினாலோ சமரச நிர்வாகியிடம் தெரிவித்துவிடுங்கள். காசோலையில் செல்லாமல் போகும் தேதி அச்சிட்டிருக்கும், டிஜிட்டல் அட்டைக்கும் காலாவதி உண்டு. வந்த அன்றே வங்கியில் போட்டுவிடுங்கள்.